தங்கத்துக்கு சீசன் கிடையாது

சில வருஷங்களுக்கு முன்னால், நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருந்த தெருவில், பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போக முடிவு செய்தார். எண்பது வயது தாண்டியவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டைக் காலி பண்ணுகிற வாரத்தில் என் மனைவியைக் கூப்பிட்டு, பட்டர் பிஸ்கட் வருமே, அந்த நீலத் தகர டப்பா, அதில் நான்கைக் கையில் கொடுத்தார். "என் பொண்ணுங்களுக்கு இது வேண்டாமாம். விலைக்கும் போகாது. குப்பையில போட எனக்கு மனசு வரலை" என்றாராம்.

டப்பா மூடிகளில் ஒட்டுத்தாளில் பேனாவால் எழுதியிருந்தது: ஸ்பிரிங், சம்மர், ஃபால், வின்டர். நான்கிலும் நகை. உடையில் குத்திக்கொள்ளும் ப்ரோச், கம்மல், மணிமாலை, வளையல் என்று எண்ணிப் பார்த்ததில் 113 உருப்படி.

அப்போது அம்மா சீர்காழியில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"ஏம்மா, இதெல்லாம் டூப்பா?"

"ஆமா அத்தை. குந்துமணி பவுன் கூட கிடையாது" என்றாள் என் மனைவி.

"டூப்பை எதுக்கு இப்படி மாசக் கணக்குல பிரிச்சுப் பத்திரம் பண்ணி வச்சிருக்காங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன. நான் தொழிலால் மென்பொருள்காரன். நகையைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைய பவுன் விலை மட்டும்தான்.

வாங்க ஒரு காலம், போட ஒரு காலம்

முதலில் நம் ஊர்ப் பழக்கத்தில் இருந்தே தொடங்கலாம். தங்கம் வாங்க நமக்கு சீசன் உண்டு. அட்சய திருதியை, முகூர்த்த மாதங்கள், அறுவடைப் பணம் கைக்கு வருகிற தை. ஆனால் போடுவதற்கு? ஐப்பசி மழைக்கு ஒரு நெக்லஸ், சித்திரை வெயிலுக்கு ஒரு தோடு என்று யாரும் வைத்துக்கொள்வதில்லை. தங்கம் என்பது நகை மட்டும் இல்லை. அதுவே சேமிப்பு, அதுவே சீர், அவசரத்துக்கு அடகு. இத்தனை வேலை பார்க்கிற பொருளைப் பனித்துகள் வடிவத்தில் செய்து, வருஷத்துக்கு இரண்டு மாதம் மட்டும் போட்டுக்கொள்ள எந்த நடுத்தரக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது.

தேடித் தேடி நான் வந்து சேர்ந்த முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாதாரண வீடுகளில் நகைக்குப் பருவகாலம் வந்தது, சேமிப்பாக இருந்தாக வேண்டும் என்ற கடமையில் இருந்து நகை விடுபட்ட பிறகுதான். அந்த விடுதலையைக் கொடுத்தது டூப்பு.

பொய்க்கல்லின் பூர்வீகம்

லண்டனில் கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார். 1732-இல் இறந்தவர். செம்பையும் துத்தநாகத்தையும் ஒரு கணக்கில் கலந்து, பார்வைக்குப் பொன் போலவே இருக்கும் உலோகத்தை உருவாக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸில் ஜார்ஜ் ஃப்ரெடெரிக் ஸ்ட்ராஸ் என்ற நகைத் தொழிலாளி, ஈயம் அதிகம் சேர்ந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி வைரம் போல மின்ன வைத்தார். 1734-இல் அவர் அரசரின் நகை செய்பவராகவே ஆனார். இன்றைக்கும் பல ஐரோப்பிய மொழிகளில் பொய்க்கல்லுக்கு 'ஸ்ட்ராஸ்' என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் அதையே 'ரைன்ஸ்டோன்' என்பார்கள். ரைன் ஆற்றில் கிடைத்த படிகக் கற்களில் இருந்து வந்த பெயர் அது.

இந்தக் கைத்தொழில் பெரிய வணிகமாக வளர்ந்த இடம் வடக்கு பொஹீமியாவில் உள்ள காப்லோன்ஸ். இன்று செக் நாட்டில் யாப்லோனெட்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. கண்ணாடி உருக்க ஒரு வீடு, மணி கோக்க ஒரு வீடு, பட்டை தீட்ட ஒரு வீடு என்று சுற்று வட்டார கிராமங்கள் முழுக்க வேலை பரவியிருந்தது. நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காப்லோன்ஸ் வியாபாரிகள் இந்தியாவுக்குக் கண்ணாடி வளையல்களை ஏராளமாக ஏற்றுமதி செய்தார்கள். நம் கொள்ளுப்பாட்டிகள் கையில் கலகலத்த வளையல்களில் சில அங்கிருந்து வந்திருக்கலாம்.

அந்த வட்டாரத்தில் 1862-இல் பிறந்தவர் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி. கையால் தீட்டி வந்த கல்லை இயந்திரத்தால் தீட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கி, 1895-இல் ஆஸ்திரியாவின் வாட்டென்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை வைத்தார். கல்லின் விலை சரிந்தது. 1920-களில் பாரிஸில் கோக்கோ ஷனேல் பொய் முத்தையும் உண்மையான நகையையும் கலந்து போட்டு, போலி நகை வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை என்று ஆக்கிவிட்டார். அமெரிக்காவில் இந்த வகைக்கு 'காஸ்ட்யூம் ஜுவல்லரி' என்ற பெயர் நிலைத்தது. காஸ்ட்யூம் என்றதும் நமக்கு நாடக உடுப்பு ஞாபகம் வரும். இங்கே அர்த்தம் வேறு, உடுத்தும் உடையோடு சேர்ந்து போகிற நகை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது பாருங்கள். உடை மாறினால் நகையும் மாறணும். உடையை மாற்றுவது எது? வானிலைதான்.

நாலு டப்பாவின் கணக்கு

ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நாலு டப்பாவையும் தனித்தனியாக விரித்து, ஒவ்வொன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். (என் மனைவி இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.) ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. குளிர்கால டப்பா ரொம்ப கனம், கோடை டப்பா ரொம்ப லேசு. ப்ரோச் என்பது துணியில் தொங்குகிற பொருள். கம்பளிக் கோட்டு கனத்தைத் தாங்கும். மெல்லிய பருத்திச் சட்டையில் அதே ப்ரோச்சைக் குத்தினால் துணி இழுத்துக்கொண்டு தொங்கும், கிழியவும் செய்யும். அழகியலுக்கு முன்னால் இயற்பியல் இருக்கிறது.

வசந்த டப்பாவில் எனாமல் பூசிய பூக்கள், தேனீக்கள், குருவிகள். மேல் கோட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய கோட்டுக்கு மாறும் மாதங்களுக்கானவை.

கோடை டப்பா முழுக்க பிளாஸ்டிக்கும் வெள்ளைக் கண்ணாடியும். இங்கேதான் பேக்கலைட் வருகிறது. பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் 1907-இல் நியூயார்க் மாநிலத்தில் கண்டுபிடித்த செயற்கைப் பிசின். 1930-களின் பொருளாதார மந்தத்தில் இதையும் இதன் வண்ண உறவுகளையும் மரம் மாதிரி கடைந்து, செதுக்கி, செர்ரிப் பழக் கொத்தும் தடித்த வளையல்களுமாக விற்றார்கள். வயதாக வயதாக இதன் நிறம் மாறும். அன்று வெள்ளையாக இருந்தது இன்று வெண்ணெய் மஞ்சள். டப்பாவில் தூய வெள்ளையாக இருந்தவை பிற்கால பிளாஸ்டிக்கும் கண்ணாடியும். அவற்றுக்கு ஒரு காலக்கெடுவும் உண்டு. செப்டம்பர் முதல் திங்கள், அதாவது தொழிலாளர் தினம் கழிந்தால் வெள்ளை உடுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் பழைய சம்பிரதாயம் ஒன்று இருந்தது. பாட்டி அதை நகைக்கும் கடைப்பிடித்திருக்கிறார்.

இலையுதிர் டப்பாவில் பெயருக்கேற்ப இலைகள். லிஸ்னர் என்ற நிறுவனத்தின் ஓக் இலை மாலையும் கம்மலும், பிளாஸ்டிக்கில் பழுப்பும் ஆரஞ்சுமாக. செம்பில் எனாமல் பூசிய மேப்பிள் இலை ஒன்றின் பின்னால் 'மட்டீஸ்' என்று இருந்தது. ஓவியரோ என்று ஒரு நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொண்டது. விசாரித்தால், லாஸ் ஏஞ்சலஸில் 1946-இல் ஜெரி ஃபெல்ஸ் தொடங்கிய நிறுவனம். வெறும் செம்பு நகைக்கு 'ரென்வார்', எனாமல் பூசியதற்கு 'மட்டீஸ்' என்று முத்திரை வைத்திருக்கிறார்கள். இரண்டு ஓவியர்களுக்கும் இதில் சம்பந்தம் கிடையாது!

குளிர்கால டப்பாவில் ரைன்ஸ்டோன்தான். டிசம்பரில் நியூ ஜெர்சியில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பொய்க்கல் விளக்கொளிக்கென்றே பிறந்தது. வெயிலில் பார்த்தால் கொஞ்சம் அசடு வழியும், விளக்கில் பார்த்தால் ராணி. பனித்துகள்கள், வில் முடிச்சுகள், கிறிஸ்துமஸ் மரங்கள். மரங்கள் மட்டுமே பதினொன்று.

பின்பக்கம்தான் வெர்ஷன் நம்பர்

பழைய நகை சேர்ப்பவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்க்கிறார்கள். இது எனக்கு உடனே பிடித்துப்போனது. எந்த மென்பொருளையும் நாங்களும் அப்படித்தான் பார்ப்போம், முதலில் வெர்ஷன் என்ன?

சில விதிகளைச் சொல்கிறேன். 1942-இல் போருக்காகத் தகரம் போன்ற உலோகங்களுக்கு அமெரிக்காவில் கட்டுப்பாடு வந்தது. நகைக் கம்பெனிகள் வெள்ளிக்கு மாறி, அதன் மேல் தங்க முலாம் பூசின. போர் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் வரை இது தொடர்ந்தது. அதனால் பெரிய கம்பெனி ப்ரோச்சின் முதுகில் 'ஸ்டெர்லிங்' என்று இருந்தால், அது போர்க்காலமாக இருக்க நல்ல வாய்ப்பு. வேடிக்கை என்னவென்றால், எல்லாவற்றுக்கும் பஞ்சம் வந்த நாளில்தான் டூப்பு நகைக்குள் அசல் வெள்ளி போனது.

அடுத்தது, வட்டத்துக்குள் சி என்ற எழுத்து, அதாவது காப்புரிமைக் குறி. டிரிஃபாரி என்ற நிறுவனம், தன் டிசைனைக் காப்பியடித்த சாரெல் என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 1955-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், காஸ்ட்யூம் நகையும் கலைப்படைப்பாகக் காப்புரிமை பெறலாம் என்று தீர்ப்புச் சொன்னது. டிரிஃபாரி பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறி இருந்தால், பொதுவாக 1955-க்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்வார்கள். சாதாரணப் போலி நகைக்கு, போலியில் இருந்து பாதுகாப்பு!

மூன்றாவது விதியை நான் அடிபட்டுக் கற்றேன். எண்ணெய் படிந்த தண்ணீர் போல ஏழு நிறம் காட்டும் கல் வைத்த ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை 1940-கள் என்று பதிவு செய்திருந்தேன். 'அரோரா பொரியாலிஸ்' எனப்படும் அந்தப் பூச்சு, ஸ்வரோவ்ஸ்கியும் டியோரும் சேர்ந்து 1956-இல் கொண்டுவந்தது. என் பதிவில் ஒரு பத்து வருஷ பக்.

போர்க்கால வெள்ளி ப்ரோச் ஒன்று வசந்த டப்பாவில் இருந்தது. டிரிஃபாரி, ஸ்டெர்லிங், காப்புரிமைக் குறி இல்லை. கொஞ்சம் விலை போகும் பொருள் என்று தெரிந்ததும் வைத்துக்கொள்ளச் சங்கடமாகிவிட்டது. மனைவி பாட்டிக்குப் போன் போட்டுத் திருப்பித் தருகிறோம் என்றாள். "அது எங்க அம்மாவோடது. சண்டை நடந்தப்ப ஃபாக்டரிக்கு வேலைக்குப் போய், முதல் சம்பளத்துல வாங்கினாங்க. நீயே போட்டுக்கோ, டப்பாவுல வைக்காதே" என்றார் பாட்டி. முதுகில் இருந்த எழுத்தும் அவர் சொன்னதும் பொருந்தின. ஆனால் முதல் சம்பளம் என்பதை எந்த முத்திரையும் எனக்குச் சொல்லியிருக்காது.

செய்த கைகள்

நகைக்கு சீசன் வந்தால், நகை செய்கிறவருக்கும் சீசன் வரும். அமெரிக்காவில் இந்தத் தொழிலின் தலைநகரம் ரோட் ஐலண்டில் உள்ள பிராவிடன்ஸ். 1794 வாக்கில் நெஹமையா டாட்ஜ் என்பவர் மலிவான உலோகத்தின் மேல் தங்கத்தைப் படிய வைக்கும் முறையை அங்கே தொடங்கியதாகச் சொல்வார்கள். 20-ஆம் நூற்றாண்டில் கோரோ போன்ற பெரிய ஆலைகள் அங்கே இருந்தன. இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் இருந்து குடியேறிய குடும்பத்துப் பெண்கள் பெருமளவில் வேலை பார்த்தார்கள். புது டிசைன் இறங்கும்போது ராத்திரி பகலாக வேலை, சீசன் முடிந்தால் வேலை இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் கம்மலை அட்டையில் கோப்பதும் உண்டு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம ஊர்ல பூ கட்டுற மாதிரி" என்றார். அதேதான்.

காப்லோன்ஸ்காரர்களின் கதை இன்னும் கடினம். அந்த ஊர் மக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுபவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், நாஜி ஆக்கிரமிப்புக்குப் பழி தீர்ப்பதுபோல, செக்கோஸ்லோவாக்கியாவில் இருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காப்லோன்ஸில் இருந்து போனவர்களில் ஒரு பகுதியினர் பவேரியாவில் காவ்ஃபியூரன் நகரத்தின் ஓரத்தில், தகர்க்கப்பட்ட ஒரு வெடிமருந்து ஆலையின் நிலத்தில் குடியேறினார்கள். அங்கேயே மறுபடி கண்ணாடிக் கல்லும் நகையும் செய்யத் தொடங்கினார்கள். ஊரின் பெயர் நாய்காப்லோன்ஸ், அதாவது புதிய காப்லோன்ஸ். பழைய ஊரிலும் தொழில் நிற்கவில்லை. இன்று அங்கே கண்ணாடிக்கும் நகைக்கும் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 1950-களின் அமெரிக்க ப்ரோச்சில் மின்னும் கல், இந்த இரண்டு ஊர்களில் எதில் இருந்தும் வந்திருக்கலாம். கல்லுக்கு முதுகில் முத்திரை கிடையாது.

போடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பழைய நகையைப் போட விரும்புகிறவர்களுக்கு என் தவறுகளில் இருந்து. ரைன்ஸ்டோனைத் தண்ணீரில் முக்காதீர்கள். கல்லின் பின்னால் கண்ணாடிக்கு ரசம் பூசுவது போல மெல்லிய பூச்சு இருக்கிறது. ஈரம் உள்ளே போனால் அது கெட்டு, கல் கறுத்துச் செத்துவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு பனித்துகளை நான் இப்படிக் கொன்றேன். சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் அடித்து முடித்த பிறகு கடைசியாக நகை. வியர்வை சிந்தும் மாதங்களில் உலோகத்தை ஓய்வெடுக்கவிட்டு, பேக்கலைட்டும் கண்ணாடி மணியும் போடலாம். பச்சைப் பூஞ்சை போல எதிலாவது தெரிந்தால் அதைத் தனியாக வையுங்கள்.

பருவம் வெளியில் மட்டும் இருக்க வேண்டும் என்றில்லை. ப்ராகில் பிறந்து அமெரிக்க வெளியுறவு அமைச்சரான மேடலின் ஆல்பிரைட், ஐ.நா. தூதராக இருந்தபோது ஈராக் பத்திரிகைகள் தன்னைப் பாம்பு என்று எழுதியதும், ஈராக் விஷயமான அடுத்த சந்திப்புக்குப் பாம்பு ப்ரோச் குத்திக்கொண்டு போனார். பிறகு அதுவே வழக்கமானது. பேச்சுவார்த்தை நல்லபடி போகும் நாளில் பூவும் பலூனும், சரியில்லாத நாளில் பூச்சி. அவர் வைத்திருந்தவற்றில் மலிவான காஸ்ட்யூம் ப்ரோச்சுகளும் நிறைய.

அம்மாவின் கவரிங்

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிச் சொன்ன அன்றைக்குத்தான், எனக்குத் தெரிந்தும் யோசிக்காமல் விட்ட ஒன்றை அவர் பேசினார்.

நான் பி.இ. சேர்ந்தபோது ஃபீஸுக்காக அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலியும் நாலு வளையலும் அடகுக்குப் போயின. மீட்க முடியவில்லை, மூழ்கிவிட்டது. அடுத்த வருஷம் சித்தி வீட்டுக் கல்யாணம், சித்திரையில். சிதம்பரம் போய்க் கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டார். "மணவறையில உக்காந்திருக்கேன், வேர்வை ஊத்துது. கழுத்துல கறுப்பு இறங்குதான்னு புடவைத் தலைப்பால துடைச்சுக்கிட்டே இருந்தேன். கல்யாணத்தைப் பாக்கவே இல்லை" என்றார்.

கவரிங்கும் காஸ்ட்யூம் நகையும் ஒரே தொழில்நுட்பம்தான். மலிவான உலோகம், மேலே தங்கம். ஆனால் ஒன்று தங்கமாகவே நடிக்க வேண்டியிருக்கிறது, மாட்டிக்கொள்ளும் பயத்தோடு. மற்றது ஓக் இலையாகவோ தேனீயாகவோ இருந்துவிட்டுப் போகிறது. அதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. நம் பெண்கள் டூப்பு போடாமல் இல்லை. டூப்பை டூப்பு என்று சொல்லிப் போட நாம் நீண்ட காலம் விடவில்லை. இப்போது ஃபேன்சி ஸ்டோர்களில் டெரகோட்டா ஜிமிக்கியும் பட்டு நூல் வளையலும் வாங்கும் பெண்களைப் பார்க்கும்போது, அது மாறிவருகிறது என்றுதான் தோன்றுகிறது.

ஊருக்குக் கிளம்பும் முன் அம்மா அந்த டப்பாக்களில் இருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டார். செம்பில் செய்த அந்த மேப்பிள் இலை. "சீர்காழியில ஏதும்மா இலையுதிர் காலம்?" என்று கிண்டல் பண்ணினேன்.

"மார்கழி இருக்கே" என்றார்.

இப்போது விடிகாலையில் கோயிலுக்குப் போகும்போது ஸ்வெட்டரில் குத்திக்கொள்கிறாராம். தை பிறந்தால் எடுத்து பீரோவில் வைத்துவிடுகிறார். கேட்கிறவர்களிடம் "செம்புதான், என் பையன் வீட்டுப் பக்கத்துல ஒரு அம்மா குடுத்தாங்க" என்று தானாகவே சொல்கிறாராம்.